மட்லெட்: எழுத்திலேயே நடக்கும் இணைய விளையாட்டுகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

படமே இல்லாத இணைய விளையாட்டுகள் உண்டு. அறை, எதிரி, சந்தை, சண்டை எல்லாம் எழுத்தில் வரும். நாமும் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே விளையாட வேண்டும். இந்த வகைக்கு 'மட்' என்று பெயர். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த விளையாட்டிலிருந்து வந்த பெயர் அது. இன்றும் பல மட்கள் இரவுபகலாக இயங்குகின்றன. வாசிப்பதில் ருசி உள்ளவர்கள் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

தொலைவிலுள்ள கணினியோடு எழுத்தில் மட்டும் பேச உதவும் பழைய நிரலான டெல்நெட்டிலும் விளையாடலாம். ஆனால், கட்டளையைப் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போதே சர்வர் (விளையாட்டை இயக்கும் கணினி) அனுப்பும் வரிகள் நடுவில் வந்து விழும். எதை அடித்தோம் என்றே தெரியாது. மட் விளையாடுவதற்கென்றே எழுதப்பட்ட கிளையன்ட் நிரலில் தட்டச்சு செய்யத் தனி இடம் உண்டு. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மட்லெட். இலவசம், திறந்த மூல நிரல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

படி 1: நிறுவி இணைவது

மட்லெட் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். திறந்ததும் சில விளையாட்டுகளின் பட்டியல் தெரியும். ஆர்ட்வுல்ஃப், அக்கேயா போன்றவை அதிலேயே இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இணைப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். பட்டியலில் இல்லாத விளையாட்டுக்குப் புதிய ப்ரொஃபைல் (இணைப்பு விவரங்களின் தொகுப்பு) உருவாக்கி, சர்வர் முகவரியையும் போர்ட் எண்ணையும் (அந்தச் சர்வரில் நுழையும் வாசலின் எண்) தர வேண்டும். போர்ட் எண் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்: ஆர்ட்வுல்ஃபுக்கு 4000, டிஸ்க்வேர்ல்டுக்கு 4242.

கதாபாத்திரப் பெயர், கடவுச்சொல் கட்டங்களை முதல் தடவை காலியாக விடுங்கள். உங்கள் பாத்திரம் இன்னும் பிறக்கவே இல்லை. அதை விளையாட்டுக்குள் போய்த்தான் உருவாக்க வேண்டும். பல மட்களில் இணைப்பு மறையாக்கம் செய்யப்படுவதில்லை, கடவுச்சொல் அப்படியே கம்பியில் போகும். எனவே மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே எக்காரணம் கொண்டும் தராதீர்கள். பாதுகாப்பான இணைப்புக்கென்று தனி போர்ட்டை விளையாட்டு அறிவித்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

படி 2: கையால் விளையாடுவது

'லுக்' அடித்தால் இருக்கும் இடத்தின் வர்ணனை வரும். திசைகளுக்கு அவற்றின் ஆங்கில முதலெழுத்தே போதும். 'ஸ்கோர்' உங்கள் நிலையையும் 'ஹெல்ப்' உதவிப் பக்கங்களையும் காட்டும். உள்ளே நுழைந்ததும் கிடைக்கும் பயிற்சிப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அந்த உலகின் கட்டளைகள் அங்கேதான் பழகும்.

மட்லெட் தரும் சில வசதிகள் இப்போதே கைகொடுக்கும். அடித்த கட்டளை என்டர் தட்டிய பிறகும் அழியாது. மீண்டும் என்டர் தட்டினால் மீண்டும் போகும். நீளமான எதிரியின் பெயரில் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையை அழுத்தினால், திரையில் அண்மையில் வந்த சொற்களிலிருந்து பெயரை நிரப்பித் தரும். பழைய வரிகளைப் படிக்க மேலே உருட்டினால் திரை இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதியில் ஆட்டம் தொடர்ந்து ஓடும். சண்டையின் நடுவில் இதன் அருமை புரியும்.

படி 3: முதல் ஏலியஸ்

ஒரே கட்டளையை அடித்து அடித்துச் சலித்த பிறகு இந்தப் படிக்கு வாருங்கள். வீழ்ந்த எதிரியிடமிருந்து எல்லாவற்றையும் எடுக்க, பல மட்களில் 'கெட் ஆல் கார்ப்ஸ்' (get all corpse) என்று அடிக்க வேண்டும். அதை 'ஜி' (g) என்ற ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருக்கலாம். இப்படிப்பட்ட சுருக்கத்துக்குப் பெயர்தான் ஏலியஸ். ஏலியஸ் பொத்தானை அழுத்தி, புதிதாக ஒன்று சேர்த்து, வடிவக் கட்டத்தில் அந்த எழுத்தையும் கட்டளைக் கட்டத்தில் முழுக் கட்டளையையும் எழுதுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். எழுத்துக்கு முன்னால் ^ குறியும் பின்னால் $ குறியும் இருக்க வேண்டும். வரியின் தொடக்கம், வரியின் முடிவு என்று அவை சொல்கின்றன. இரண்டும் இல்லாவிட்டால், வரியில் எந்த இடத்தில் அந்த எழுத்து வந்தாலும் ஏலியஸ் பாய்ந்துவிடும். 'கெட்' என்ற ஆங்கிலச் சொல்லிலேயே அந்த எழுத்து இருப்பதால், ஏலியஸ் தன்னைத்தானே முடிவில்லாமல் அழைக்கத் தொடங்கும். மட்லெட் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். குறிகளைப் போட்டு, சேமித்து, செயல்பாட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 4: டிரிகர்

ஏலியஸ் நீங்கள் அடிப்பதைக் கவனிக்கிறது. டிரிகர் சர்வர் அனுப்புவதைக் கவனிக்கிறது. பசிக்கிறது என்ற வரி வந்ததும் தானாகவே சாப்பிடும் கட்டளையை அனுப்பச் செய்யலாம். ஆனால் வரியின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும் என்று விட்டால், வேறொரு வீரர் அரட்டையில் அதே சொற்களை எழுதினாலும் உங்கள் பாத்திரம் சாப்பிடத் தொடங்கிவிடும். குறும்புக்காரர்கள் வேண்டுமென்றே எழுதுவார்கள். முழு வரியும் அப்படியே பொருந்த வேண்டும் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் சொற்களுக்கு நிறம் கொடுக்கும் டிரிகர்களே போதும் என்பது என் கருத்து. உயிர் குறைகிறது என்ற வரி சிவப்பில் மின்னினால், முடிவை நீங்களே எடுக்கலாம். நீங்கள் எழுந்துபோன பிறகும் பாத்திரம் தானாகச் சண்டையிடும்படி அமைப்பதைப் பல மட்கள் தடை செய்திருக்கின்றன. மீறினால் கணக்கே போய்விடலாம். கட்டளை அனுப்பும் டிரிகரை இயக்குவதற்கு முன் அந்த விளையாட்டின் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.