குரோம்புக்கில் இருப்பது இயங்குதளமா? இப்படிச் சோதித்துவிட்டு வாதிடுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறும்வரை தம்பியோடு எனக்கு இதே வாக்குவாதம்தான். குரோம்புக் மடிக்கணினியில் வரும் குரோம் ஓஎஸ் இயங்குதளமே அல்ல, வெறும் பிரவுசர் என்கிறான்.

முதலில் வைஃபையை அணையுங்கள். பென்டிரைவைச் செருகி, ஒரு படத்தைத் திறந்து, திருத்திச் சேமியுங்கள். இணையமே இல்லாமல் அதைச் செய்து தருவது அடியிலுள்ள லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் மைய நிரல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது, ஆண்ட்ராய்டிலும் அதுவேதான்.

அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோஷ் என்ற கட்டளைத் திரை வரும். ஆங்கிலத்தில் ‘டாப்’ (top) என்று தட்டினால், எந்த நிரல் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்று தெரியும். இந்தப் பங்கீடுதான் இயங்குதளத்தின் வேலை, ஐகான்கள் அல்ல.

கணினியில் நிறுவும் போட்டோஷாப் இதில் ஓடாதே என்றால், சரி, ஒப்புக்கொள்ளுங்கள். அது அந்த மென்பொருள் இல்லாத குறை மட்டுமே.