கையிருப்பு குறைவு, சிபில் ஸ்கோரும் குறைவு: பெங்களூருவில் வீட்டுக் கடன் கேட்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேமிப்புக் குறைவும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரின் குறைவும் ஓரிரு ஆண்டுகளில் சீராகக் கூடியவை. பெங்களூருவில் வாடகை கொடுத்துச் சலித்த நம் குடும்பங்கள் பல, அவற்றை அவசரத்தில் மறைக்க முயன்றே கிடைக்க வேண்டிய கடனையும் இழக்கின்றன.

கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதைக் குறைத்து மதிப்பிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தையும், 75 லட்சம் வரையிலானது 80 சதவீதத்தையும், அதற்கு மேற்பட்டது 75 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. கே.ஆர்.புரத்தில் 60 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் என்றால், வங்கி அதிகபட்சம் 48 லட்சம் தரும், மீதி 12 லட்சம் நம்முடையது. அதோடு 5 சதவீத முத்திரைத் தீர்வை 3 லட்சம், அதன் மீதான செஸ்ஸும் சர்சார்ஜும் 36,000, கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் இறுதியில் 2 சதவீதமாக உயர்த்தப்பட்ட பதிவுக் கட்டணம் 1.20 லட்சம். ஆக, 16.56 லட்சம் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுப்பது ஆபத்து.

பற்றாக்குறைக்குப் பர்சனல் லோன் வாங்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு 5 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 11,600 ரூபாய். பல வங்கிகள் எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று பார்ப்பதால், அந்தத் தொகை வீட்டுக் கடனுக்கான தகுதியில் கழிந்துவிடும். 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு 13 லட்சத்துக்கும் மேல் கடன் வாங்கப் போதுமான தவணை அது! பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்காக எடுப்பதோ, சிறிய வீட்டைப் பார்ப்பதோ, ஓராண்டு பொறுப்பதோ இதைவிட நல்லது.

பழைய கிரெடிட் கார்டு பாக்கியை, வசூலுக்கு வருபவர் சொல்லும் குறைந்த தொகைக்கு 'செட்டில்மென்ட்' செய்துகொள்வதும் பின்னாளில் வினையாகும். நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் அது 'முடிக்கப்பட்டது' என்று பதியாமல் 'செட்டில்டு' என்றே நிற்கும். வங்கி அதிகாரி முதலில் கேள்வி கேட்பது அந்த வரியைப் பற்றித்தான். முடிந்தால் முழு பாக்கியையும் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்றிதழ் வாங்கி, அறிக்கையில் திருத்தம் ஏறியதா என்று பாருங்கள். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதே அறிக்கையில் வரும்.

ஒரு வங்கி மறுத்ததும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஒரே வாரத்தில் பல இடங்களில் விண்ணப்பித்தால், ஒவ்வொரு வங்கியும் நம் அறிக்கையைக் கேட்டது பதிவாகி ஸ்கோர் மேலும் இறங்கக் கூடும். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை இருந்து, புகார் அளித்து 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மனைவியையோ தந்தையையோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கும் முன் அவர்களுடைய அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள்.

நம் தகுதி சரியாக இருந்தும் சொத்தின் பத்திரங்களால் கடன் நிற்பது பெங்களூருவில் சாதாரணம். விலை மலிவு என்று பி காத்தா (முழு அங்கீகாரம் இல்லாத சொத்துகளுக்கான மாநகராட்சிப் பதிவு) சொத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகிறார்கள். பல வங்கிகள் அதற்குக் கடன் தரத் தயங்குகின்றன. இ-காத்தாவையும் (மின்னணு வடிவிலான காத்தா) வில்லங்கச் சான்றையும் வங்கியின் வழக்கறிஞர் பார்த்த பிறகே பெரிய தொகையைக் கொடுங்கள். கடன் மறுக்கப்பட்டால் இத்தனை நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.