டர்போ காரும் சாதா காரும்: ஓட்டும்போதும் வாங்கும்போதும் செய்யும் தப்புகள்

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே திணறும் கார் ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருக்கும். "வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று ஓட்டுபவர் சலித்துக்கொள்வார். பல நேரம் வண்டி மேல் தப்பே இருக்காது. எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாக அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. அது இல்லாத காரை அவர் டர்போ காரைப் போல ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஹூண்டாய் வென்யூ 2019-ல் வந்தபோது அதில் இரண்டு விதமான பெட்ரோல் எஞ்சின்கள் இருந்தன. 1.2 லிட்டர் சாதா எஞ்சினின் டார்க், அதாவது சுழற்றும் விசை, 114 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போது, அதாவது 4,000 ஆர்பிஎம்மில்தான். 1.0 லிட்டர் டர்போவில் 172 நியூட்டன் மீட்டர், 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். சாதா எஞ்சினை 2,000-லேயே கியர் மாற்றி மலையேற்றினால் அதன் பலத்தைத் தொடாமலேயே ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கியரைக் குறையுங்கள், எஞ்சின் சத்தம் போடட்டும். சத்தம் வந்தால் எஞ்சின் கெட்டுவிடும் என்ற பயம் நம் ஊரில் ரொம்ப அதிகம். ஆர்பிஎம் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாத வரை ஒன்றும் ஆகாது.

உயரம் வேறு இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சாதா எஞ்சின் கிடைத்த காற்றை மட்டும் இழுத்துக்கொள்வதால், பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கீழேயே நின்றுவிடும். டர்போ, புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு குறைவு. 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், விமான எஞ்சின் ஒன்றில் டர்போ பொருத்தி, அதைப் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். மலைக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு.

அப்படியென்றால் டர்போவே வாங்கிவிடலாமா? இங்கேதான் அடுத்த தப்பு. ஷோரூம் ஆளோடு காலியான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, அந்தப் பிக்கப்பில் மயங்கிக் கையெழுத்துப் போடுவது. உங்கள் தினசரி ஓட்டம் கிண்டியிலிருந்து தி.நகர் என்றால், நகர்ந்து நகர்ந்து போகும் நெரிசலில் டர்போ விழித்துக்கொள்ளவே வாய்ப்பு குறைவு. 1,500-க்குக் கீழே அது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின்தான். மைலேஜும் அப்படியே. சின்ன எஞ்சின், ஆகவே பெட்ரோல் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். காற்றைக் கூடுதலாகத் தள்ளினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூடவே போக வேண்டும். நெடுஞ்சாலையில் 80, 90-ல் சீராகப் போனால் நல்ல மைலேஜ் தரும். மிதித்து ஓட்டினால் பங்க்கில் தெரியும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்குச் சாதா எஞ்சினே போதும் என்பது என் கட்சி.

டர்போ வாங்கியவர்கள் செய்யும் தப்புகளில் எனக்கு அதிகம் உறுத்துவது, மேம்பாலத்தில் ஐந்தாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிப்பது. மைலேஜுக்காகப் பெரிய கியரிலேயே ஓட்டும் பழக்கம். குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை வந்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும், குறிப்பாக நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் முறை) உள்ள டர்போ எஞ்சின்களில். ஒரே ஒரு பலமான அடியில் பிஸ்டனே விரிசல் விடலாம். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற எஞ்சின் ஆயில் தரம் இதைத் தடுப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மேனுவலில் எஸ்பி என்று போட்டிருந்தால், மெக்கானிக் கடையில் கையில் கிடைத்ததை ஊற்ற விடாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறைக்கு மேல்கூடச் சுழலும், மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடி. 10,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாலும் தூசியிலும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு முன்னதாகவே மாற்றுவது நல்லது. காலையில் ஸ்டார்ட் செய்த உடனே உறுமவிடாதீர்கள். ஆயில் மேலே போய்ச்சேர சில நொடி கொடுங்கள்.

நெடுஞ்சாலையில் விரட்டிவந்து டீக்கடை வாசலில் நிறுத்திய மறுநொடி சாவியைத் திருப்புவதும் கெடுதல். சூடேறிய தண்டில் ஆயில் ஓட்டம் நின்று கரி பிடிக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். தெருவுக்குள் மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்தவருக்கு இந்தச் சடங்கு தேவையில்லை. அந்த மெதுவான ஓட்டமே ஆற்றிவிடும்.

"டர்போ என்றால் சீக்கிரம் போயிடும்" என்று பயப்படுபவர்கள், லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய பழைய டீசல் இனோவாக்களை மறந்துவிடுகிறார்கள். அவையும் டர்போதான்.

பழைய டர்போ கார் பார்க்கப் போகிறீர்களா? எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். நீங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தாலோ, மிதிக்கும்போது சைரன் மாதிரி ஊளைச் சத்தம் கேட்டாலோ, விலையைப் பற்றிப் பேச்சையே எடுக்காதீர்கள்.