பக்கவாதத்துக்குப் பிறகு நடையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

அப்பாவின் நடை தேறுகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லை" என்பதற்கு மேல் எங்களால் சொல்ல முடியவில்லை. அதனால் அளக்கத் தொடங்கினோம். மருத்துவர் நடக்க அனுமதித்தவர்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். தளர்ந்த பக்கத்தில், அரை அடி பின்தள்ளி ஒருவர் கூடவே வர வேண்டும். முன்னால் போனால் நடப்பவர் உங்கள் வேகத்துக்கு நடக்கப் பார்ப்பார்.

சமதரையில் 10 மீட்டர் அளந்து 0, 2, 8, 10 மீட்டரில் டேப் ஒட்டுங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் நடை மந்தமாகும் என்பதால் நடு 6 மீட்டர்தான் கணக்கு. முன்காலின் விரல்கள் 2 மீட்டர் கோட்டைத் தாண்டியதும் ஸ்டாப்வாட்சை ஓட விட்டு, 8 மீட்டர் கோட்டைத் தாண்டியதும் நிறுத்துங்கள். வழக்கமான வேகத்தில் மூன்று முறை நடக்கச் சொல்லி, சராசரி எடுங்கள். 12 நொடி வந்தால் 6 ÷ 12, அதாவது நொடிக்கு 0.5 மீட்டர். 0.4க்குக் கீழே என்றால் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான், 0.8ஐத் தாண்டினால் கடைத்தெருவுக்குப் போய்வரலாம் என்பது பொதுவான கணக்கு.

வேகம் மட்டும் போதாது. நல்ல காலை வைத்தே சமாளித்து வேகம் கூடலாம். எந்தக் கால் எவ்வளவு நேரம் உடலைத் தாங்குகிறது என்று பார்க்க வீடியோ வேண்டும். போனை இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டில் பொருத்தி, பக்கவாட்டில் வைத்து, நொடிக்கு 60 ஃபிரேமில் (தனித்தனிப் படங்கள்) எடுங்கள். நடப்பவரைப் பின்தொடர்ந்து போனைத் திருப்பவே கூடாது. கணினியில் பார்க்க எனக்குப் பிடித்தது கினோவியா என்ற வீடியோ மென்பொருள். இலவசம், ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம். ஸ்மார்ட் வாட்சின் அடி எண்ணிக்கையை நம்ப வேண்டாம்; இழுத்து மெதுவாக நடப்பவர்களின் அடிகளை அது பல நேரம் தவற விடும்.

இனிதான் சிக்கலான இடம். குதிகால் தரையில் படும் கணத்திலிருந்து விரல் எழும் கணம் வரை ஃபிரேம்களை எண்ணச் சொல்வார்கள். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் பாதம் தொங்குபவருக்குக் குதிகால் முதலில் படாது. முன்பாதமோ வெளி ஓரமோதான் படும். ஆகவே பாதத்தின் எந்தப் பகுதியானாலும் முதலில் தொடும் ஃபிரேமைக் குறியுங்கள். விரல் எழாமல் தேய்ந்துகொண்டே போனால், அது முன்னோக்கி நகரத் தொடங்கும் ஃபிரேமை முடிவாக வையுங்கள். எந்த விதியை எடுத்தாலும் அடுத்த மாதமும் அதுவேதான். தளர்ந்த கால் 60 ஃபிரேம், நல்ல கால் 72 என்று வந்தால் 1 நொடிக்கு 1.2 நொடி. இந்த இடைவெளி குறைகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், காலணி, ஊன்றுகோல், ஸ்பிளின்ட் (காலைத் தாங்கும் பட்டை), அளக்கும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் தேதியோடு எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை: ஃபிரேம் கணக்கு ஒத்து வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல போன்கள் வெளிச்சம் குறைந்தால் தாமாகவே ஃபிரேம் வேகத்தைக் குறைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிரேமை எண்ணாமல் திரையில் காட்டும் நேரத்தைக் குறியுங்கள். 10 மீட்டர் இடம் இல்லாதவர்கள் 6 மீட்டரில் நடு 4 மீட்டரை அளக்கலாம், ஆனால் அந்த எண்ணைப் பழைய 10 மீட்டர் அளவோடு ஒப்பிட வேண்டாம்.