படபடப்பு வரும்போதே வாட்ச்சில் இசிஜி எடுப்பது எப்படி?

இசிஜி எடுப்பதுதான் என் வேலை. "ராத்திரி நெஞ்சு தாறுமாறா அடிச்சுதுங்க, இப்ப ஒண்ணுமில்ல" என்று வருகிறவர்கள் நிறைய. எடுத்தால் கோடு சமர்த்தாக இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு, ஆரம்பத்தில் பலருக்கும் இப்படித்தான் வந்து வந்து போகும். அது வரும் நேரத்தில் கையில் இசிஜி வாட்ச் இருந்தால் நல்லது.

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கு நாடித்துடிப்பின் இடைவெளிகளை அவ்வப்போது பார்க்கும். சீரற்ற துடிப்புக்கான அறிவிப்பைச் செயலியில் ஆன் செய்து வையுங்கள். நாம் அசையாமல் இருக்கும்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் தூங்கும்போதும் கட்டிக்கொள்வது நல்லது. அடிக்கடி அலறுமோ என்று பயப்பட வேண்டாம். 2019-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் ஆப்பிள் வாட்ச் கட்டியிருந்த 4,19,297 பேரில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் அறிவிப்பே வந்தது.

இசிஜி வேறு, அதை நாம்தான் எடுக்க வேண்டும். எல்லா மாடலிலும் இந்த வசதி கிடையாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

படபடப்பு தொடங்கியதும் உட்காருங்கள். மணிக்கட்டில் வியர்வை, க்ரீம் இருந்தால் துடைத்து, பட்டையைக் கொஞ்சம் இறுக்குங்கள். கையை மேஜைமேல் தளர்வாகக் கிடத்துங்கள். அந்தரத்தில் பிடித்தால் தசை நடுக்கம் கோட்டில் ஏறி, பொடிப்பொடியாகக் கிறுக்கியதுபோல் வரும். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆப்பிள் வாட்ச் என்றால் மற்ற கை விரலை வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் திருகின்மேல் சும்மா வைத்தால் போதும், அழுத்த வேண்டாம். 30 விநாடி பேச்சு கூடாது. கோடு தலைகீழாக வந்தால், எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்பது செட்டிங்கில் தப்பாக இருக்கலாம்.

'முடிவு தெளிவில்லை' என்று வந்தால் இன்னொரு தடவை எடுங்கள். என்னைக் கேட்டால், வாட்ச் சொல்லும் முடிவைவிடக் கோடுதான் முக்கியம். உயர்ந்த முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் மாறிக்கொண்டே போகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். ஒரே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, பின் சற்று நின்று தொடர்வது வேறு சங்கதி, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. எதுவானாலும் பிடிஎஃப்பாகச் சேமித்து, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வாட்ச் சொன்னதை வைத்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

அப்புறம், மாரடைப்பை இது கண்டுபிடிக்காது. நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணல் என்றால் இசிஜி எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.