கறுத்த வாழைப்பழமும் கடலை வெந்த நீரும்: பால் இல்லாத ஐஸ்கிரீம்

தோல் கறுத்துவிட்டது என்று வாழைப்பழத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பால் சேர்க்காத ஐஸ்கிரீமுக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. பழுக்கப் பழுக்க அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் தனியாக இனிப்பு வேண்டாம். (புளித்த வாடை வந்த பழம் மட்டும் ஆகாது.)

3 பழங்களை உரித்து, வில்லைகளாக நறுக்கி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். அப்புறம் மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடிப்பொடியாக உதிரும், பயப்பட வேண்டாம். ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் சுற்றினால் வெண்ணெய் போலத் திரண்டு வரும். பாதாம் பால் எடுத்த சக்கை இருந்தால் 2 ஸ்பூன் சேர்க்கலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பொருள்: கொண்டைக்கடலை வெந்த நீர். ஊறவைத்த நீர் அல்ல, உப்பில்லாமல் வேகவைத்த நீர். அதிலுள்ள புரதமும், சபோனின் என்ற இயற்கையான நுரைப்பொருளும் முட்டை வெள்ளைக்கரு போலவே நுரைக்கும். நீர்த்திருந்தால் கொதிக்கவைத்துச் சுண்டவிட்டு, நன்றாக ஆறவையுங்கள். கால் கப் நீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கெட்டியாக நுரைக்கும்வரை பீட்டரால் அடியுங்கள். பொறுமை வேண்டும், 10 நிமிடம்கூட ஆகலாம். அந்த நுரையை அரைத்த பழத்தோடு மெதுவாகக் கலந்து, மூடி, 4 மணி நேரம் உறையவிடுங்கள். நுரையில் இருக்கும் காற்றுதான் ஐஸ்கிரீமை மிருதுவாக்குகிறது. கடலை வாசம் வாழைப்பழ மணத்தில் அமுங்கிவிடும்.