கப்பலேறும் முன் லாங்யியர்பியனில் இரண்டு நாள்: கொங்கு நாட்டிலிருந்து செல்வோருக்கு

வடதுருவத்தை நோக்கிய நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளைச் சுற்றிவரும் துருவப் பயணக் கப்பல்கள் பலவும் லாங்யியர்பியன் என்னும் சிற்றூரிலிருந்தே புறப்படுகின்றன. 78 பாகை வட அட்சத்தில், ஏறத்தாழ 2,500 பேர் வாழும் இவ்வூருக்குக் கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ செல்வோர், கப்பல் புறப்படும் நாளன்று போய்ச் சேரும்படி பயணச்சீட்டு எடுக்கவே கூடாது. மூன்று நான்கு விமானங்கள் மாறிச் செல்லும் வழியில் ஒன்று தாமதித்தாலும், ஒரு பெட்டி பின்தங்கினாலும், கப்பல் நமக்காகக் காத்திருக்காது; வெளியூர்களுடன் சாலைத் தொடர்பே இல்லாத அவ்வூரிலிருந்து அதைத் துரத்திப் பிடிக்கவும் வழியில்லை. ஆகவே இரண்டு முழு நாள்களை அவ்வூருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

விசா விஷயத்தில்தான் பலர் தவறுகின்றனர். 1920ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்டுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொதுப் பகுதிக்கு, வெளியே உள்ளது. ஷெங்கனுக்குள் உள்ள நார்வேத் தலைநகர் ஆஸ்லோ வழியாகப் போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது மறுமுறையும் ஷெங்கன் எல்லைக்குள் நுழைய வேண்டியிருப்பதால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. இருமுறையோ பன்முறையோ நுழையும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். அவசர காலத்தில் ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடு இன்றியமையாதது.

உடைக்கு ஊட்டிக்குப் போகும் ஸ்வெட்டரை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஜூலையிலும் 10 டிகிரியை எட்டாத நாள்களே அங்கு மிகுதி. அதற்கு மேல் காற்றும் வீசும். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருந்து உடலைக் குளிரச் செய்யும் என்பதால், திருப்பூர் பனியனில் பிறந்து வளர்ந்த நாமும் அதை ஊரிலேயே விட்டுவிட்டு, உடலை ஒட்டிக் கம்பளி உள்ளாடையும், அதன்மேல் ஒரு கம்பளி அடுக்கும், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கியும் அணிய வேண்டும். ஏறத்தாழ ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை சூரியன் மறைவதே இல்லை. தூக்கத்துக்குக் கண்மறைப்புத் துணி உதவும்.

ஊருக்குள் நடந்து சுற்றலாம். ஆனால் வெண்கரடி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டித் தனியே ஓரடியும் வைக்காதீர்கள். குடியிருப்புக்கு வெளியே செல்வோர் கரடியை விரட்டும் கருவி வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால், துப்பாக்கியுடன் வரும் வழிகாட்டியோடு மட்டுமே செல்ல வேண்டும்.

முதல் நாள் ஸ்வால்பார்டு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1906இல் அமெரிக்கரான ஜான் மன்றோ லாங்யியர் நிலக்கரிக்காக அமைத்த ஊர் இது. கரித்தூள் உள்ளே வராதிருக்க வாசலில் காலணியைக் கழற்றும் சுரங்கக்காரர் வழக்கம் விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் இன்றும் தொடர்கிறது. நமக்கு அது பழகியதே, தடித்த காலுறை மட்டும் கைவசம் இருக்கட்டும். மறுநாள், விமான நிலையத்துக்கு மேலுள்ள மலைச்சரிவில் 2008இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகத்துக்கு வாடகைக் காரில் போய் வாருங்கள். உள்ளே விடமாட்டார்கள், வாயிலை மட்டுமே காணலாம். ஆயினும் ஐதராபாத்துக்கு அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனம் அனுப்பிய சோளமும் கம்பும் அந்த மலைக்குள் உறைநிலையில் உறங்குகின்றன என்பதை, மானாவாரிக் காட்டில் அவற்றை விதைத்த குடும்பங்களிலிருந்து வருவோர் அறிந்து நிற்பது வேறோர் அனுபவம்.

உணவு விலை மிக அதிகம். சைவ உணவினர் சமையலறை உள்ள தங்குமிடத்தைப் பதிவுசெய்து, அரிசியும் பருப்புப் பொடியும் கொண்டுசென்றால் இரண்டு நாளும் கவலையின்றிக் கழியும்.

கப்பலேறுவதற்கு முந்தைய இரவு, காலணியின் அடிப்பகுதியையும் பையின் மூலைகளையும் உடைகளின் ஒட்டுப்பட்டைகளையும் (வெல்க்ரோ) தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். நம் காட்டு நாயுருவி விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக் கூடாது என்பதற்காகவே, கரையிறங்கும் முன் கப்பலிலும் அவற்றைச் சோதிக்கிறார்கள்.